முதுகுக்குப் பின்னால் வைத்த ஜாடி

செமாத் மாவரைக்கும் கல்லை இடம் மாற்றிப் போட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் ஆற்றைப் பார்த்துக்கொண்டுதான் அரைப்பார்கள். அந்தப் பக்கமிருந்துதான் காற்று வரும். படகில் யார் போகிறார்கள், யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் படும். வாய்க்கும் வேலை நடக்கும். இவள் மட்டும் ஒருநாள் கல்லை இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு மேற்கே மணல்மேட்டைப் பார்த்து அரைக்க ஆரம்பித்தாள். மணல்மேட்டில் என்ன இருக்கிறது? செத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் விழித்துக்கொண்டா ஒருத்தி மாவரைப்பாள்?

எனக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. என்னடி கூத்து இது என்று நேராகவே கேட்டேன். செமாத் நிமிரவில்லை.

"அந்தப் பக்கம் முதுகு காட்டி உக்கார முடியலக்கா" என்றாள்.

அவள் நாத்தனார் கெந்தி அந்த மேட்டுக்குப் போய் ஒரு வெள்ளம்தான் கடந்திருந்தது. துக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். துக்கம் இல்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கெந்தியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. செமாத்தின் புருஷன் இதூவுக்கு அவள் அக்கா. கெந்தியின் புருஷனை நீர்யானை படகோடு கவிழ்த்துக் கொன்றது. அதற்குப் பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். பெரிய உடம்பு, பெரிய குரல், எல்லாவற்றையும்விடப் பெரிய வயிறு. அக்கரையில் கெளுத்தி மீன் சுட்டால் இக்கரையில் கெந்திக்கு மூக்கு அரிக்கும் என்பார்கள். நான் பார்லிக் கள் ஊற வைக்கிறவள். பானையைத் திறக்கும் நாளை நான் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். கள்ளைப் பிழிந்த சக்கையைக்கூட உப்புப் போட்டுத் தின்றுவிட்டுப் போவாள். அவள் வருவது தெரிந்தால் ரொட்டியை மூடி வையுங்கள் என்று நாங்கள் கத்துவோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரிப்பாள். இதில் நானும் சளைத்தவள் இல்லை.

அவளிடம் ஒரு ஜாடி இருந்தது. எங்களில் குடும்பம் நடத்துகிற எல்லோரிடமும் அப்படி ஒன்று இருக்கும். ஏதாவது ஒரு கொழுத்த வருஷத்தில் மாட்டுக் கொழுப்பை உருக்கி, வடக்கேயிருந்து படகில் வரும் வாசனைப் பிசினைப் போட்டுக் காய்ச்சி, ஜாடியில் ஊற்றி, வாயைக் களிமண்ணால் பூசி வீட்டு மூலையில் வைத்துவிடுவோம். அதன்பின் அதை யாரும் தொடக் கூடாது. அது மேற்குக்குப் போகும்போது கூடவே போகிற சாப்பாடு. போனவர்களைக் கையும் காலும் மடக்கி, தூங்குகிற பிள்ளையைப் போல இடப்பக்கமாகப் படுக்க வைப்போம். முகம் சூரியன் விழுகிற பக்கம் இருக்கும். ரொட்டி, கள், கொழுப்பு எல்லாவற்றையும் முகத்துக்கு எதிரே வைப்போம். எதிரே இருப்பதுதான் அவர்களுக்கு. முதுகுக்குப் பின்னால் இருப்பதை அவர்களால் பார்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அங்கே புரண்டு படுக்க யாருக்கும் வழியில்லை.

இதூ பானைக்கு வர்ணம் எழுதுகிறவன். அக்காவின் ஜாடியில் செங்காவியால் பெரிய படகு எழுதி, துடுப்புகளைப் போட்டு, நடுவில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆடுகிற பெண்ணாகக் கெந்தியையே எழுதியிருந்தான். இடுப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிட்டான். இந்தப் பாரத்துக்குப் படகு முழுகிவிடும், இன்னும் இரண்டு துடுப்புப் போடு என்று கெந்தி சொன்னதை ஊர் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. செமாத்தும் இதூவும் தங்களுக்கென்று ஜாடி நிரப்பவில்லை. இளசுகள், சாவுக்கு என்ன அவசரம் என்று விட்டிருந்தார்கள்.

பிறகு ஆறு எங்களை ஏமாற்றியது. ஒரு வருஷம் வயலின் ஓரத்தை நனைத்துவிட்டுப் போனது. அடுத்த வருஷம் அதுவும் இல்லை. விதைக்கு வைத்திருந்ததைத் தின்றோம், ஆடுகளைத் தின்றோம், கடைசியில் கரையெல்லாம் தோண்டிக் கோரைக்கிழங்கு தின்றோம். சாவுக்குக் கள் வேண்டுமே என்று என்னிடம் மட்டும் கொஞ்சம் பார்லி விட்டு வைத்தார்கள். அதற்கும் குறைவில்லாமல் சாவு வந்தது. செமாத்தின் மகள் தேயி நடக்கப் பழகியதை மறந்துவிட்டு மறுபடி தவழ ஆரம்பித்தாள்.

அந்த நாட்களில் ஒரு அதிசயம் நடந்தது. கெந்தி சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். வீட்டில் தட்டு வைத்தால், ஹேனு வீட்டில் கள் சக்கை தின்றுவிட்டு வந்தேன், வயிறு கனமாக இருக்கிறது என்பாளாம். ஹேனு நான்தான். செமாத்துக்கு எரிச்சல். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்து அனுப்பாமல் இந்த ஹேனு இவளுக்கே ஊட்டுகிறாளே என்று என்மேலும் கோபம். ஆனாலும் ஒரு தட்டு மிச்சம் என்று வாயை மூடிக்கொண்டாள். கெந்தி என் வீட்டுக்கு வந்தால் நிழலில் உட்காருவாள், பானை மணத்தை மூச்சு இழுத்து முகருவாள், போய்விடுவாள். ஒருநாள் இரக்கப்பட்டு ஒரு பிடி சக்கை நீட்டினேன்.

"வேணாம்டி. வீட்டுலயே கழுத்து முட்டத் தின்னுட்டுத்தான் வந்தேன். என் தம்பி பொண்டாட்டி விட மாட்டேங்கறா" என்றாள்.

நீட்டிய கையை நான் மடக்கிக்கொண்டேன். சரி, இதூ அக்காவை நன்றாகத்தான் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

அறுவடை இல்லாத அறுவடைக் காலத்தில் கெந்தி செத்துப்போனாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதூ குழி தோண்டப் போனான். நான் கள் எடுத்துவர வீட்டுக்குப் போனேன். செமாத் தனியாக ஜாடியை எடுத்துத் துடைத்தாளாம். தேயி மூலையில் சுருண்டு கிடந்திருக்கிறாள். நிறைந்த ஜாடியிலிருந்து ஒரு கை எடுத்தால் யாருக்குத் தெரியும், போனவளுக்குத்தான் என்ன குறையப் போகிறது என்று செமாத் களிமண்ணை உடைத்து விரலை விட்டாள். விரலில் பாதிகூட இறங்கவில்லை, கொழுப்பு தீர்ந்துபோனது. அதற்குக் கீழே அடிவரை ஆற்றுச் சேறு, காய்ந்து இறுகிக் கிடந்தது.

செமாத்துக்குக் கோபம் வந்தது. பிள்ளை தவழ்கிற வீட்டில், சாவு ஜாடியை ரகசியமாகத் திறந்து தின்று தீர்த்துவிட்டு, தெரியாமலிருக்க மேலே ஒரு பூச்சுப் பூசி வைத்திருக்கிறாள் இந்தப் பெருந்தீனிக்காரி. அதனால்தான் அவளுக்குப் பசிக்கவில்லை. செமாத் அந்த மேல்பூச்சையும் வழித்து எடுத்தாள். தேயியின் வாயில் தடவினாள். சேற்றை அழுத்தி வைத்து, புதுக் களிமண்ணால் வாயைப் பூசிவிட்டாள்.

குழியில் கெந்தியைப் படுக்க வைத்தது நானும் அவளும்தான். கோரைக்கிழங்கு மாவில் தட்டிய ரொட்டியை முகத்துக்கு எதிரே வைத்தோம், என் கள்ளையும் வைத்தோம். செமாத் கொழுப்பு ஜாடியை மட்டும் கெந்தியின் முதுகுக்குப் பின்னால் சொருகினாள். அங்கே ஏன் வைக்கிறாய் என்று கேட்டேன். முன்னால் இடமில்லை என்றாள். இடம் இருந்தது, என் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்கும் பசி, போய்த்தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றையும் நான் பார்த்தேன். கெந்தியின் மணிக்கட்டில் சதையைப் பிதுக்கிக்கொண்டு கிடக்கும் தந்த வளையல், கையைத் தூக்கியதும் சரசரவென்று முழங்கை தாண்டி ஓடியது. ஜாடிக் கொழுப்பைத் தின்றவளின் கை அப்படியா இருக்கும் என்று செமாத் கேட்டுப் பார்த்திருக்கலாம். வீட்டில் கழுத்து முட்டத் தின்றவளின் கை அப்படியா இருக்கும் என்று நான் கேட்டுப் பார்த்திருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை. அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே எங்கள் கண் கெட்டுப்போயிருந்தது.

அந்த வருஷம் ஆறு வந்தது. வயலெல்லாம் கறுப்பாகச் சேறு படிந்தது. ஆற்றின் மேல்பக்கத்து ஊர்க்காரர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள், பண்டமாற்று நடந்தது, அடுப்புகள் புகைந்தன. ஒருநாள் செமாத் புதுப் பார்லியில் கஞ்சி காய்ச்சி தேயிக்கு ஊட்டினாள். தேயி ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்தை கஞ்சி மாதிரி இல்ல. அத்தை கஞ்சில கண்ணு கண்ணா மிதக்கும்."

என்ன மிதக்கும் என்று செமாத் கேட்டாள்.

"மஞ்சளா. வாசனையா. நீ ஆத்துக்குப் போனப்புறம் அத்தை ஜாடியிலேருந்து போடுவாங்க. அம்மாகிட்ட சொல்லாத, சாவு ஜாடியத் தொட்டா அம்மாவும் அப்பாவும் பயந்துக்குவாங்கன்னு சொன்னாங்க."

கஞ்சிச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு செமாத் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். பஞ்ச நாட்களில் கெந்தி அண்ணி உன் வீட்டில் கள் சக்கை தின்றாளா என்று மூச்சு வாங்கக் கேட்டாள். இல்லையே, உன் வீட்டில் தின்றதாகத்தானே என்னிடம் சொன்னாள் என்றேன். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கள் பானையில் நுரை உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் செமாத் ஜாடி விஷயம் முழுவதையும் என்னிடம் சொன்னாள்.

"ஜாடி மொத்தத்தையும் என் புள்ளைக்குக் கரைச்சுப் போட்டுட்டு, மேல ஒரு பூச்சுதான் தனக்குன்னு விட்டு வச்சிருக்காங்க. அதையும் வழிச்சேன்க்கா. வழிச்சுட்டு விரல நக்கினேன்."

தெரியாமல் செய்தது என்று சொன்னேன். அவள் காதில் அது விழவே இல்லை. அங்கே அண்ணி என்ன சாப்பிடுவாள் என்று கேட்டாள். நாங்கள் வைத்த ரொட்டி எத்தனை நாளைக்கு வரும்? அந்த உடம்புக்கு, அந்தப் பசிக்கு? எனக்குக் கெந்தி எதிரில் உட்கார்ந்து பானையை முகருவது போலவே இருந்தது. போ, போய்ப் பிள்ளையைப் பார் என்று எரிந்து விழுந்து அவளை அனுப்பி வைத்தேன்.

அதற்கப்புறம்தான் கல்லைத் திருப்பிப் போட்டது, நான் போய்க் கேட்டது எல்லாம். கேட்டபோது எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். துக்கம் என்று நினைத்துக்கொண்டது என் வசதிக்காகத்தான். செமாத் வீட்டில் யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டாள். மேற்கே முதுகைக் காட்டி நடக்க மாட்டாள். மணல்மேட்டிலிருந்து இறங்கும்போதுகூடப் பின்பக்கமாகவே நடந்து இறங்கி இரண்டு தடவை விழுந்தாள். அவளுக்குக் காற்றுப் பிடித்திருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

குழியைத் திறந்து ஜாடியை மாற்றி வைக்க எங்களில் யாருக்கும் கை வராது. மூடிய மணல் மூடியதுதான். திறந்தால் போனவளுக்கு வழி தப்பிவிடும் என்பார்கள். அதனால் செமாத் ஒரு வேலை செய்தாள். ஆட்டுக் கொழுப்பை உருக்கி, கையில் கிடைத்த பிசினைப் போட்டு, யாரும் இல்லாத மத்தியானங்களில் மேட்டுக்கு எடுத்துப்போய்க் கெந்தி படுத்திருந்த இடத்தில் ஊற்றிவிட்டு வந்தாள். மணல் குடித்தது. மணல் குடித்தால் அண்ணி குடித்த மாதிரி என்று நினைத்திருப்பாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், அந்த வாசனையை மணல் மட்டுமா முகர்கிறது என்று.

ஒரு காலையில் ஆடு மேய்க்கிறவர்கள் மேட்டிலிருந்து கத்தினார்கள். நரி தோண்டியிருக்கிறது. ஊரே ஓடியது. கெந்தியின் குழிதான். கொழுப்பு ஊறிய மணலை வழித்து வழித்துப் போட்டு, முதுகுப் பக்கம் வரைக்கும் பள்ளம் பறித்திருந்தது. நல்லவேளை, அவளை மூடிய பாய் கிழியவில்லை. ஜாடி மட்டும் உருண்டு வெளியே வந்து உடைந்து கிடந்தது. செங்காவிப் படகு இரண்டாகப் பிளந்திருந்தது. கையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற கெந்தி ஒரு சில்லில் இருந்தாள். உள்ளே இருந்த சேறு ஜாடியின் வடிவத்திலேயே முழுதாக நின்றது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பாய் முடைகிற மேனி என்பவனுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

"பாத்தீங்களா, போற வழிக்கு வச்சதையும் இங்கயே முடிச்சுட்டுத்தான் கெளம்பியிருக்கா" என்றான்.

சிரித்தார்கள். செத்தவளின் குழி திறந்து கிடக்கிறபோது சிரித்தார்கள். வழக்கமாக எந்தச் சிரிப்புச் சிரிப்போமோ அதே சிரிப்பு. இதூவும் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு விஷயம் தெரியும், ஒரு வார்த்தையில் மேனியின் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் நான் சொன்னால் செமாத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். அவளைப் பார்த்தேன். அவள் பேசாமல் இருந்தால் கெந்தி என்றென்றைக்கும் தன் சாவுச் சோற்றையே திருடித் தின்றவள். பேசினால் இவள் செத்தவளிடம் திருடியவள். அப்படிப்பட்டவளை எங்கள் ஊர் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது, ஏனென்றால் அதுவரை யாரும் வாய்விட்டு ஒத்துக்கொண்டதில்லை.

"அவங்க திங்கல" என்றாள் செமாத்.

சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"என் புள்ளைக்குப் போட்டாங்க. எனக்குத் தெரியாம, கஞ்சில கரைச்சு. அதான் தேயி இன்னிக்கு நடக்கறா. மேல கொஞ்சம் மிச்சம் இருந்துது. அத எடுத்தது நான்."

இதூ தலையை நிமிர்த்தினான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"முதுகுப் பக்கம் ஏன் வச்ச?"

"அவங்கள திருடின்னு நெனச்சேன், அதனால முன்னால வைக்க மனசு வரல. அப்புறம் நானே திருடினேன், அதனால அவங்க கண்ணுல படக் கூடாதுன்னு வச்சேன்."

யாராவது அவளை அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை. மேனி தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சத்தில் அவன் அம்மாவையும் அந்த மேட்டில்தான் வைத்தோம். இரண்டு மூன்று பெண்கள் அடுப்பில் எதையோ விட்டு வந்தது போல மெல்ல நழுவி வீட்டுப் பக்கம் போனார்கள். அந்த மேட்டில் எத்தனை ஜாடிகளுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்கிற தகுதி அங்கே நின்ற யாருக்கும் இல்லை.

திறந்ததை மூட வேண்டும். செமாத் வீட்டுக்கு ஓடினாள். நல்ல வருஷம் வந்ததும் தனக்கென்று நிரப்பி வைத்த புது ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இதூ அதன் வாயை உடைத்து, எல்லோரும் பார்க்கக் கையை விட்டு அடிவரை துழாவினான். கை முழங்கை வரை மினுமினுவென்று வந்தது. மறுபடி பூசிக் கொடுத்தான். செமாத் பள்ளத்தில் இறங்கி, பாயை விலக்காமல் கையால் தடவித் தடவி முகம் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, ஜாடியை அதற்கு எதிரே வைத்தாள். வெகுநேரம் அங்கேயே குனிந்திருந்தாள். போதும் வா என்று நான்தான் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

ஊர் அவளை ஒன்றும் செய்யவில்லை. இதூ சில நாள் அவளோடு பேசவில்லை. ஒரு மாலை அவளுக்கென்று புதிதாக ஒரு ஜாடி எழுதிக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். படகு எழுதியிருந்தான், அதில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு இடுப்பு தாராளம்.

நான் அன்று அங்கேதான் இருந்தேன். செமாத் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், கறுப்புச் சேற்றை அள்ளி அள்ளி வாய் வரைக்கும் அடைத்தாள். கொழுப்பு ஒரு பூச்சுக்கூட இல்லை. களிமண் வைத்துப் பூசி வீட்டு மூலையில் வைத்தாள். வீட்டில் கொழுப்பு இருந்தது. அதைத் தேயியின் கஞ்சியில் விட்டாள், கண் கண்ணாக மிதந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டதெல்லாம் போதாதா, சேற்றை வைத்துக்கொண்டு அங்கே போய் என்னடி தின்பாய் என்று சத்தம் போட்டேன்.

"அங்க அண்ணி இருக்காங்களேக்கா, அவங்க ஜாடியிலேருந்து எனக்கும் ஊத்துவாங்க" என்றாள். சட்டியை ஒரு கிளறு கிளறினாள். "ஊத்தாம விட்டாங்கன்னா நல்லா இருக்கும். ஊத்துவாங்க. அத வாங்கித் தின்னணுமேன்னுதான் பயமா இருக்கு."